ஷிப்ட் பஸ் பேச்சை விட்டுவிட்டு ஜப்பான் தாய்க் கம்பெனியின் கணக்கைப் படிப்பது எப்படி

ஆரம்பாக்கம், எளாவூர், தடா, சூலூர்ப்பேட்டை, சத்தியவேடு, வரதையபாளையம். ஜப்பான் கம்பெனிகளின் ஆலைகள் பல உள்ள ஆந்திர எல்லைத் தொழில் நகரம் ஸ்ரீசிட்டி. தெருவுக்கு நாலு பேராவது அங்கே வேலைக்குப் போகிற ஊர்கள் இவை. வீட்டில் தமிழ், லைனில் தெலுங்கு, மீட்டிங்கில் ஆங்கிலம், மேலே ஜப்பானியர்கள் என்று எங்கள் பிழைப்பு நடக்கிறது. ஷிப்ட் பஸ்ஸில் ஏறினால் போதும், ஏதாவது ஒரு பேச்சு காதில் விழும். ‘ரெண்டாவது லைனை மூடப்போறாங்களாம்.’ ‘குஜராத்துக்கு மாத்தறாங்களாம்.’ ‘ஜப்பான்ல கம்பெனியையே வித்துட்டாங்களாம்.’ இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கடனுக்குக் கையெழுத்துப் போடாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வேலையை விட்டவர்களையும் தெரியும்.

இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்பதில் பாதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஜப்பானில் பங்குச்சந்தையில் உள்ள எல்லாக் கம்பெனிகளையும் பற்றி மூன்று மாதத்துக்கு ஒரு முறை அச்சாகிற கைப்புத்தகம் ஒன்று இருக்கிறது. பெயர் கைஷா ஷிகிஹோ, அதாவது கம்பெனிகளின் காலாண்டு ஏடு. உள்ளங்கையில் பிடிக்கிற அளவு, செங்கல் கனம், 2,000 பக்கத்துக்கு மேல். ஒரு பக்கத்தில் இரண்டு கம்பெனிகள். நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஜப்பானிய மொழி ஓரளவு படித்திருக்கிறேன். ஆனால் இதைப் படிக்க மொழி பெரிய தடையில்லை. எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், மீதியைப் போன் கேமராவின் மொழிபெயர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

முதலில் இதை யார் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நேரே கட்டங்களுக்குப் போய்விடலாம்தான். ஆனால் ஒரு புத்தகம் சொல்கிற எண்ணை நம்பி வீட்டு முடிவு எடுக்கப்போகிறோம் என்றால், அதை எழுதுகிறவர்களின் பழக்கம் என்ன என்று தெரிய வேண்டாமா? ஷிகிஹோவை வெளியிடுவது தோயோ கெய்சாய். அவர்களுடைய வாரப் பத்திரிகைதான் மூத்தது. 1895 நவம்பரில், தோயோ கெய்சாய் ஷிம்போ என்ற பெயரில் அது தொடங்கியது. இங்கே ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கி 13 ஆண்டுகள் ஆகியிருந்த காலம்.

தொடங்கியவர் மச்சிதா சூஜி. ஐரோப்பா போயிருந்தபோது லண்டனின் எகானமிஸ்ட் போன்ற பத்திரிகைகளைப் பார்த்து, இப்படி ஒன்று நம் நாட்டுக்கும் வேண்டும் என்று நினைத்தவர். சீனாவோடு நடந்த போர் அந்த ஏப்ரலில்தான் முடிந்திருந்தது. போர் இழப்பீட்டுப் பணம் வரப்போகிறது, ஆலைகள், வங்கிகள், ரயில் கம்பெனிகள் என்று புதிது புதிதாக முளைக்கின்றன. யார் கையில் பணம் போகிறது, அது திரும்பி வருமா என்று கேட்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆரம்பத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை வந்த பத்திரிகை, 1919-ல் வாரப் பத்திரிகை ஆனது. மச்சிதா சீக்கிரமே பேங்க் ஆஃப் ஜப்பானுக்குப் போய், பிற்பாடு அமைச்சரும் ஆனார். 1897 முதல் பத்தாண்டு பத்திரிகையை நடத்தியவர் பொருளாதாரப் பேராசிரியர் அமானோ தமேயுகி. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தை இன்னும் துணிச்சலாகப் பயன்படுத்தினார்கள். சோஷலிஸ்டான கதயாமா சென் கூட இங்கே சில ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார். முதலாளிகள் வாங்கிப் படிக்கிற பத்திரிகையில் அப்படி ஒருவருக்கு இடம் இருந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

1911-ல் வேலைக்குச் சேர்ந்தவர் இஷிபாஷி தன்சான். நிச்சிரென் என்ற பௌத்தப் பிரிவின் குரு ஒருவரின் மகன். இவரைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். ஷிகிஹோவைப் படிக்கும் முறையே இவருடைய பழக்கத்தில் இருந்து வந்தது என்பது என் எண்ணம்.

1921. ஜப்பான் கொரியாவையும் தைவானையும் கையில் வைத்திருந்தது. மஞ்சூரியாவின் தென்முனையில் குவாந்துங் பகுதியும் அதனிடம் இருந்தது. இவை இல்லாவிட்டால் நாடு பிழைக்காது என்று பத்திரிகைகளும் ராணுவமும் அரசியல்வாதிகளும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இஷிபாஷி அதை உணர்ச்சியால் மறுக்கவில்லை. வர்த்தகக் கணக்கை எடுத்து வைத்தார். 1920-ல் இந்த மூன்று இடங்களோடும் நடந்த ஏற்றுமதி, இறக்குமதி எல்லாம் சேர்த்தே 90 கோடி யென்னைக் கொஞ்சம் தாண்டுகிறது. அமெரிக்கா ஒன்றோடு மட்டும் 140 கோடிக்கு மேல். இந்தியாவோடு 58 கோடிக்கு மேல். அதாவது கொரியா, தைவான், குவாந்துங் மூன்றில் எந்த ஒன்றையும்விட, ஒரு சிப்பாயைக்கூட அனுப்பாத இந்தியாவோடு நடந்த வியாபாரம் பெரிது. நம் பருத்தி ஒசாகா ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்படியானால் படை வைத்துக் காக்கிற இடங்களால் என்ன லாபம், எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று எழுதினார். குடியேற்ற நாடுகளை விடு என்று ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு, வரவு செலவோடு எழுதிய பத்திரிகை உலகத்தில் எத்தனை இருந்திருக்கும்?

1924-ல் அவர் தலைமை ஆசிரியர் ஆனார். அடுத்த சண்டை தங்கத்தைப் பற்றியது. யென்னைப் பழைய மதிப்பிலேயே தங்கத்தோடு கட்டவேண்டும், அதாவது ஒரு யென்னுக்கு இவ்வளவு தங்கம் என்று பழையபடியே நிர்ணயிக்கவேண்டும் என்று நிதியமைச்சர் இனோவே ஜுன்னோசுகே நின்றார். சந்தையில் யென் அதைவிடக் குறைவாகப் போய்க்கொண்டிருக்கிறது, பழைய மதிப்பில் கட்டினால் ஏற்றுமதி அடிவாங்கும், இன்றைய மதிப்பிலேயே கட்டுங்கள் என்று இஷிபாஷியும், முன்பு அதே பத்திரிகையில் இருந்த தகாஹாஷி கமேகிச்சியும் இன்னும் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். கேட்கவில்லை. 1930 ஜனவரியில் பழைய மதிப்பிலேயே கட்டினார்கள். உலகமே மந்தத்தில் விழுந்துகொண்டிருந்த நேரம். 1931 டிசம்பரில் அவிழ்க்கவேண்டி வந்தது. இடைப்பட்ட காலத்தில் பட்டு விலை விழுந்து கிராமங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1934-ல் ஆங்கிலத்தில் ஓரியண்டல் எகானமிஸ்ட் என்ற மாதப் பத்திரிகையும் தொடங்கினார்கள். 1936 ஜூனில் ஷிகிஹோவின் முதல் இதழ் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ராணுவ இளம் அதிகாரிகள் கலகம் செய்து, ராணுவச் செலவைக் கட்டுப்படுத்திய நிதியமைச்சர் தகாஹாஷி கொரெகியோவைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். வாய் திறந்து எழுதுவது கடினமாகிக்கொண்டே போன நேரத்தில், ஒவ்வொரு கம்பெனியும் எவ்வளவு விற்றது, எவ்வளவு மீதி, யார் சொந்தக்காரர் என்று சாதாரண ஆள் பார்த்துக்கொள்ளும்படி ஒரு சின்னப் புத்தகம்.

போர்க்காலத்தில் தணிக்கையும் காகிதத் தட்டுப்பாடும் பத்திரிகையை நெருக்கின. இஷிபாஷியின் இரண்டாவது மகன் 1944-ல் க்வாஜலீன் தீவில் போரில் இறந்தார். 1945-ல் பத்திரிகையின் ஒரு பகுதி வடக்கே அகிதா மாவட்டத்தில் யொகொதே என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தது. ஜப்பான் சரணடைந்து பத்து நாளில், ஆகஸ்ட் 25 தேதியிட்ட தலையங்கத்தில், நாட்டின் முன்னே நல்ல காலம் விரிந்து கிடக்கிறது என்று எழுதினார். எல்லாக் குடியேற்றங்களும் கைவிட்டுப் போயிருந்த நேரம். 1921-ல் போட்ட கணக்கை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் 1946-ல் நிதியமைச்சர், 1947-ல், போரில் வென்று ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகத்தால் பதவி நீக்கம், 1956 டிசம்பரில் பிரதமர். உடல்நலம் கெட்டதால் இரண்டே மாதத்தில் பதவி விலகினார். பத்திரிகை 1961-ல் வாரத் தோயோ கெய்சாய் என்று பெயர் மாறி இன்றும் வருகிறது.

இவ்வளவையும் சொன்னது ஏன் என்றால், ஷிகிஹோவில் கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே அச்சடிப்பதில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிருபர் பொறுப்பு. கம்பெனி ஒரு கணிப்பைச் சொல்லும். நிருபர் தன் கணிப்பைத் தனியாகப் போடுவார். இரண்டும் வேறுபட்டால் அதுவும் பக்கத்திலேயே தெரியும். அரசாங்கம் சொன்னதைக் கணக்கில் போட்டுப் பார்த்த அதே கை.

உங்கள் தாய்க் கம்பெனியைக் கண்டுபிடியுங்கள்

நாம் வேலை பார்க்கும் ‘இன்னார் இந்தியா பிரைவேட் லிமிடெட்’ ஷிகிஹோவில் தனியாக இருக்காது. ஜப்பானில் பங்குச்சந்தையில் உள்ள தாய்க் கம்பெனியின் பெயரில்தான் தேடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் உண்டு. இசுஸுவுக்கு 7202, டைகினுக்கு 6367, டோரேவுக்கு 3402, யூனிசார்முக்கு 8113. 2024 முதல் புதிதாகச் சந்தைக்கு வருகிற கம்பெனிகளின் எண்ணில் ஆங்கில எழுத்தும் சேர்ந்து வருகிறது.

சில சமயம் தாய்க்கு மேலே பாட்டி இருப்பாள். கோபெல்கோ எந்திரங்கள் செய்கிற கம்பெனியைத் தேடினால் கிடைக்காது, அது கோபே ஸ்டீலின் கீழ் இருக்கிறது, எண் 5406. பங்குச்சந்தைக்கே வராத பெரிய கம்பெனிகளும் உண்டு, ஒய்.கே.கே. மாதிரி. அவற்றுக்கு இந்த வழி உதவாது. உங்கள் கம்பெனியின் இணையதளத்தில் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தின் அடியில் தாய்க் கம்பெனி பெயர் இருக்கும். அந்தப் பெயரோடு டோக்கியோ பங்குச்சந்தை எண் என்று சேர்த்துத் தேடுங்கள், வந்துவிடும்.

புத்தகம் கிடைப்பது எப்படி? விடுப்பு முடிந்து திரும்புகிற ஜப்பானியரிடம் கேட்டால் பழைய இதழ் ஒன்றைக் கொண்டுவந்து தருவார், தயங்க வேண்டாம். இல்லாவிட்டால் ஷிகிஹோவின் இணையப் பதிப்பில் எண்ணைப் போட்டால் சில கட்டங்கள் இலவசமாகத் தெரியும், மீதிக்குச் சந்தா. கம்பெனிகள் ஜப்பான் நிதித்துறைக்குக் கொடுக்கும் முழு ஆண்டறிக்கை எடிநெட் என்ற அரசுத் தளத்தில் இலவசம். ஆனால் அது நூறு இருநூறு பக்கம் போகும். ஷிகிஹோவின் அரைப் பக்கத்தைப் படித்துப் பழகிய பிறகு அங்கே போனால் வழி தெரியும்.

எண்களை நம் கணக்குக்கு மாற்றுவது

இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். உண்மையில் நமக்கு இது வெள்ளைக்காரர்களைவிடச் சுலபம். அட்டவணையில் உள்ள எண்கள் பத்து லட்சம் யென் அலகில் இருக்கும். கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டால் கோடி யென் வந்துவிடும். விற்பனைக் கட்டத்தில் 350,000 என்று இருந்தால் 35,000 கோடி யென். கட்டுரைப் பகுதியில் ‘ஓகு’ என்று வரும், ஒரு ஓகு பத்துக் கோடி. ‘ச்சோ’ என்று வந்தால் அது லட்சம் கோடி. ‘மான்’ என்றால் பத்தாயிரம். சம்பளக் கட்டத்தில் 750 மான் என்று இருந்தால் ஆண்டுக்கு 75 லட்சம் யென். ரூபாயாக்க வேண்டுமென்றால் அன்றைய மாற்று விகிதத்தைப் பாருங்கள். ஆனால் கம்பெனியின் போக்கைப் பார்க்க ரூபாய் தேவையே இல்லை, யென்னோடு யென்னை ஒப்பிட்டாலே போதும்.

ஆண்டுக் கணக்கும் நமக்குப் பழக்கமானதுதான். பெரும்பாலான ஜப்பான் கம்பெனிகள் ஏப்ரல் முதல் மார்ச் வரை. 26.3 என்று இருந்தால் 2026 மார்ச்சில் முடியும் ஆண்டு. 25.12 என்று இருந்தால் அந்தக் கம்பெனி டிசம்பரில் கணக்கு முடிக்கிறது. உங்கள் ஆலையில் டிசம்பர் கடைசியில் ஸ்டாக் எடுக்கச் சொல்லி விடுப்பை நிறுத்துகிறார்களா? காரணம் இதுவாக இருக்கலாம்.

எந்தக் கட்டம் முதலில்

மேலிருந்து கீழே படிக்காதீர்கள். நான் படிக்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் தொழில் பிரிவுக் கட்டம். ‘ரென்கெத்சு ஜிக்யோ’ என்று தலைப்பு. அதில் பிரிவின் பெயர், ஒரு எண், அடைப்புக்குள் இன்னொரு எண் என்று வரும். முதல் எண், மொத்த விற்பனையில் அந்தப் பிரிவு நூற்றுக்கு எவ்வளவு. அடைப்புக்குள் இருப்பது அந்தப் பிரிவில் நூறு யென் விற்றால் எவ்வளவு லாபம். கார் பாகம் 70(3), மருத்துவக் கருவி 20(14) என்று இருந்தால், கம்பெனி பெரிதாக விற்பது கார் பாகம், வயிறு நிறைவது மருத்துவக் கருவியில். நீங்கள் கார் பாக லைனில் இருக்கிறீர்கள் என்றால் இந்த 3 என்கிற எண்ணை அடுத்தடுத்த இதழ்களில் விடாமல் பாருங்கள். அடைப்புக்குள் கழித்தல் குறி வந்தால் அந்தப் பிரிவு நஷ்டத்தில் ஓடுகிறது. வரிசையின் கடைசியில் ‘கைகாய்’ என்று ஒரு எண், வெளிநாட்டு விற்பனையின் பங்கு. அது 60, 70 என்று இருக்கிற கம்பெனிக்கு வெளிநாட்டு ஆலைகள் பக்கத்துத் தோட்டம் அல்ல, சொந்த வயல்.

அடுத்து கட்டுரை. சிறியது, ஆனால் அடர்த்தியானது. இரண்டு பாகம். முதல் பாகம் இந்த ஆண்டு வியாபாரம் எப்படி என்று சொல்லும், இரண்டாவது பாகம் புது ஆலை, புதுப் பொருள், வாங்குவது, விற்பது பற்றியது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கறுப்பு அடைப்புக்குள் ஒரு தலைப்பு. இந்தச் சில தலைப்புகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: ‘சாய்கோஎகி’ என்றால் இதுவரை இல்லாத லாபம். ‘ஸோகாகு’ கணிப்பை உயர்த்தியது, ‘கெங்காகு’ குறைத்தது. ‘யொகொபாய்’ நின்ற இடத்தில் நிற்கிறது. ‘ஹன்ராகு’ ஏறிவந்தது இறங்குகிறது. ‘குரோஜி’ லாபம், ‘அகாஜி’ நஷ்டம்.

கேமராவை இரண்டாவது பாகத்தில் நிறுத்தி நிதானமாக மொழிபெயர்க்க விடுங்கள். இந்தியா என்ற சொல் வந்தால் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில எழுத்துகளில் இவ்வளவையும் அடக்குகிறார்கள் என்றால், இந்தியாவுக்கு ஒரு வாக்கியம் ஒதுக்குவது சும்மா இல்லை. அதே சமயம், இந்தியா வரவில்லை என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம். பெரிய கம்பெனிக்கு நம் ஆலை சின்னது, இடம் கிடைக்காது.

‘கிகி சூகி’ என்ற சொல் எங்காவது இருந்தால் நிதானியுங்கள். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதிலேயே சந்தேகம் இருக்கிறது என்ற குறிப்பு அது. அபூர்வமாகத்தான் வரும்.

சரி, இப்போது அட்டவணை. விற்பனை, நடப்பு லாபம், சாதாரண லாபம், நிகர லாபம், ஒரு பங்குக்கு லாபம், டிவிடெண்ட் என்று பத்திகள். நமக்கு முதல் இரண்டு போதும். நடப்பு லாபம் என்பது தொழிலை நடத்தி வந்த லாபம். நிலம் விற்றதும் வழக்கில் வென்றதும் அதில் பொதுவாகச் சேராது. வரிசைகளில் போன ஆண்டுகளின் உண்மை எண்களுக்குக் கீழே ‘யொ’ என்ற எழுத்தோடு வருவது ஷிகிஹோ நிருபரின் கணிப்பு. இன்னும் கீழே ‘காய்’ என்ற எழுத்தோடு வருவது கம்பெனியே சொன்ன கணிப்பு. இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

அச்சுப் புத்தகத்தின் ஓரத்தில் இதற்கே சிரித்த முகமும் சோகமான முகமும் போட்டிருப்பார்கள். கம்பெனி சொன்னதைவிட நிருபர் அதிக லாபம் எதிர்பார்த்தால் சிரித்த முகம். வித்தியாசம் 30 சதவீதத்தைத் தொட்டால் முகம் இரண்டாகும். பக்கத்தில் உள்ள அம்புக்குறி வேறு, அது போன இதழில் தான் சொன்ன கணிப்பை நிருபர் ஏற்றினாரா இறக்கினாரா என்பது. பல கம்பெனிகள் ஆண்டுத் தொடக்கத்தில் எச்சரிக்கையாகக் குறைத்தே சொல்லும். அதனால் ஜூன் இதழில் ஒரு சிரித்த முகம் பெரிய விஷயமில்லை. டிசம்பரில் சோகமான முகம் வந்தால்தான் நான் கவனிப்பேன்.

பங்குதாரர் கட்டத்தில் முதல் பெயர் அநேகமாக மாஸ்டர் டிரஸ்ட் வங்கி என்றோ கஸ்டடி வங்கி என்றோ இருக்கும். கம்பெனியை வங்கிக்காரன் வாங்கிவிட்டான் என்று பஸ்ஸில் பரப்பிவிடாதீர்கள். பென்ஷன் நிதிகள், பரஸ்பர நிதிகளின் பங்குகளை அவர்கள் சார்பில் வைத்திருக்கும் வங்கிகள் அவை. அதற்கடுத்த பெயர்கள்தான் சேதி சொல்லும். இசுஸுவின் பட்டியலில் மிட்சுபிஷி கார்ப்பரேஷனும் இடோச்சுவும் டொயோட்டாவும் வருவதைப் பார்த்தால், அந்தக் கம்பெனி யாரோடெல்லாம் வரப்புப் பகிர்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். பக்கத்தில் தொடங்கிய ஆண்டும் பங்குச்சந்தைக்கு வந்த ஆண்டும் இருக்கும். பழைய கம்பெனிகள் பலவற்றில் 1949.5 என்று ஒரே தேதியைக் காண்பீர்கள். போருக்குப் பிறகு டோக்கியோ பங்குச்சந்தை மறுபடி திறந்த மாதம் அது.

லேத் பட்டறை அண்ணனுக்குப் பார்த்துச் சொன்னது

சத்தியவேடு ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் ஒரு நாள் கேட்டார்: “ஏம்மா, இவங்க ஆர்டர் நிலைக்குமா? நிலைக்கும்னா கம்ப்யூட்டர்ல ஓடுற சி.என்.சி. மெஷின் ஒண்ணு லோன்ல எடுக்கலாம்னு இருக்கேன்.” ஆர்டர் கொடுத்தது ஒரு ஜப்பான் கம்பெனியின் இங்குள்ள ஆலை. பணம் 90 நாள் கழித்துத்தான் வரும்.

இந்தக் கேள்விக்கு லாபம் மட்டும் போதாது. நிதிக் கட்டத்தில் மூன்று வரிகளைப் பார்த்தோம். முதலாவது ‘ஜிகோ ஷிஹோன் ஹிரித்சு’, மொத்தச் சொத்தில் சொந்தப் பணம் நூற்றுக்கு எவ்வளவு என்பது. அடுத்தது வட்டி கட்டவேண்டிய கடன், அதைக் கையிருப்புப் பணத்தோடு ஒப்பிடவேண்டும். மூன்றாவது ‘செத்சுபி தோஷி’, அதாவது எந்திரத்திலும் கட்டடத்திலும் போடும் முதலீடு. அதற்குப் பக்கத்திலேயே தேய்மானம் இருக்கும். முதலீடு தேய்மானத்தைவிடப் பல ஆண்டாகக் குறைவாக இருந்தால், கம்பெனி புதிதாகக் கட்டவில்லை, இருப்பதை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கம்பெனியை நம்பி ஐந்தாண்டு லோன் எடுப்பதற்கு முன்னால் இன்னொரு வாடிக்கையாளரையும் பிடித்து வையுங்கள் என்பேன்.

அண்ணன் கேட்ட கம்பெனியில் சொந்தப் பணம் பாதிக்கு மேல், முதலீடு தேய்மானத்தைத் தாண்டியிருந்தது, அடுத்த ஆண்டுக்கான முதலீட்டுக் கணிப்பும் ஏறியிருந்தது. ஆனால் அவர் செய்து கொடுக்கும் பாகம் எந்தப் பிரிவில் வருகிறதோ அதன் அடைப்பு எண் மிகவும் மெலிந்திருந்தது. அதனால் தாய்க் கம்பெனி திடமாக இருக்கிறது, அந்தப் பிரிவில் விலை குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்று சொன்னேன். புது எந்திரத்துக்குப் பதில் செகண்ட் ஹேண்ட் எந்திரம் எடுத்தார். விலையைப் பற்றிய பேச்சு வந்தபோது எவ்வளவு வரை இறங்கலாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தார்.

அடுத்து, தாய் திடமாக இருப்பதும் இங்குள்ள பிள்ளை திடமாக இருப்பதும் ஒன்றல்ல. இங்குள்ள பிரைவேட் லிமிடெட்டின் ஆண்டுக் கணக்கு இந்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இருக்கிறது. 100 ரூபாய் கட்டினால் பார்க்கலாம். அதில் தொடர் நஷ்டம் இருந்தாலும், தாய்க் கம்பெனி ஒவ்வொரு ஆண்டும் மூலதனம் போட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். திடீரென்று நின்றிருந்தால் விசாரியுங்கள். சப்ளை செய்கிறவர்களுக்கு ஷிகிஹோவைவிட இந்த 100 ரூபாய் முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

தோயோ கெய்சாய் வெளிநாட்டில் உள்ள ஜப்பான் கம்பெனிகளுக்கு என்றே நாடுவாரியாக ஒரு ஆண்டுத் தொகுப்பும் போடுகிறது. இந்தியப் பகுதியில் நம் பக்கத்து ஆலைகளைத் தேடலாம். மூலதனம், யாருக்கு எவ்வளவு பங்கு, எத்தனை ஊழியர் என்பதெல்லாம் இருக்கும். விலை அதிகம், நூலகத்தில் கிடைத்தால் பாருங்கள். ஜப்பானுக்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலை தேடுவோருக்கான ஷிகிஹோ தனியாக உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களில் மூன்று ஆண்டில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்ற எண் அதில் வரும். ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு எண்ணைத் தேடுங்கள்.

ஒரே இதழில் முடிவு செய்யாதீர்கள்

ஷிகிஹோ மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் நடுவில் வரும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகளுக்கு ஜூன் இதழ்தான் முக்கியம். முழு ஆண்டின் உண்மை எண்களும் புது ஆண்டின் கணிப்பும் ஒன்றாக வருவது அதில்தான். சந்தா கட்டுவதானால் அந்த மாதத்தில் கட்டுங்கள்.

ஒரு நோட்டில் கம்பெனிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இதழுக்கு ஒரு வரி: தேதி, உங்கள் பிரிவின் இரண்டு எண்கள், நடப்பு லாபத்தில் நிருபரின் கணிப்பு, கம்பெனியின் கணிப்பு, முதலீடு, கட்டுரையின் இரண்டு தலைப்புகள், இந்தியா பற்றி ஏதாவது வந்தால் அந்த வாக்கியம். நான்கு வரி சேர்ந்தால் ஒரு ஆண்டு தெரியும். வேலையை விடுவது, லோன் எடுப்பது, பிள்ளையை ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று யோசிக்கும்போது அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

பஸ்ஸில் யாராவது ‘கம்பெனியை வித்துட்டாங்களாம்’ என்றால் பங்குதாரர் கட்டத்தைப் பாருங்கள். ‘நஷ்டத்துல ஓடுதாம்’ என்றால் தொழில் பிரிவுக் கட்டத்தின் அடைப்பைப் பாருங்கள். ‘நம்ம லைனை மூடறாங்களாம்’ என்றால் அதற்கு ஷிகிஹோவில் பதில் இருக்காது. அதற்கு உங்கள் சூப்பர்வைசரிடம் அடுத்த மூன்று மாத உற்பத்தித் திட்டத்தையும், புது அச்சுகளுக்கு ஆர்டர் போயிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். டூல் ரூமில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது எல்லோருக்கும் முன்னால் தெரிந்திருக்கும்.